‘சாதா காபி’ பட்டியலில் இல்லை

கோவை அவிநாசி சாலையிலோ சென்னை அண்ணா நகரிலோ புதிதாகத் திறந்த கஃபே ஒன்றுக்குள் நுழைந்து, கல்லாவுக்கு மேலே ஒளிரும் பலகையை மேலிருந்து கீழ்வரை படித்துப் பாருங்கள். எஸ்பிரெஸோ, அமெரிக்கானோ, கப்புச்சினோ, லாட்டே, ஃப்ளாட் ஒயிட், கோர்ட்டாடோ, மக்கியாட்டோ, மோக்கா, கோல்ட் ப்ரூ, போர் ஓவர் என்று பெயர்கள் அணிவகுத்து நிற்கும். வெறும் காபி மட்டும் பெரும்பாலும் இருக்காது. காபி விற்பதற்கென்றே திறந்த கடையில் போய் ஒரு காபி கேட்டால், “எந்த காபி?” என்று பதில் கேள்வி வருகிறது. கேட்டவர் முழிக்கிறார். பின்னால் நிற்கும் வரிசை செருமுகிறது.

இந்த முழிப்பு நம் ஊரில் நல்ல நகைச்சுவைச் சரக்கு. மேடை நகைச்சுவைக்காரர்கள் இதை வைத்துப் பல மாலைகளை ஓட்டியிருக்கிறார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் அவ்வப்போது தலைகாட்டும். சொல்பவரின் வயதைப் பொறுத்துக் கதையின் வில்லன் மாறுவார்: பெரியவர்கள் சொன்னால் ‘இந்தக் காலத்துப் பசங்க’, இளையவர்கள் சொன்னால் ‘எங்கப்பா’. இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் விளக்கம் ஒன்று உண்டு: வகைகள் பெருகிவிட்டன, அதனால் குழப்பம். எனக்கு அந்த விளக்கத்தில் உடன்பாடு இல்லை.

வகைகள் நமக்கு என்ன புதிதா? மயிலாப்பூரிலோ கும்பகோணத்திலோ காலை ஏழு மணிக்கு ஓர் உணவகத்தில் சற்று நேரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். “ஸ்ட்ராங்கா ஒண்ணு”, “டிகாஷன் தூக்கலா, சர்க்கரை கம்மியா”, “லைட்டா, பால் நிறைய”, “சர்க்கரை தனியா”, “ஏடு இல்லாம”, “ஆத்தாம அப்படியே கொண்டாங்க”, “ஒரு காபி, ரெண்டு டம்ளர்”. சப்ளையர் எதையும் எழுதிக்கொள்வதில்லை. உள்ளே பார்த்து ஒரு குரல் கொடுக்கிறார். சற்று நேரத்தில் அவரவர் காபி அவரவர் முன்னால் வந்து உட்காருகிறது. வாடிக்கையாளர் என்றால் அந்தக் குரல்கூடத் தேவைப்படாது, ஆள் உள்ளே நுழையும்போதே டிகாஷன் இறங்கிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தக் கடையில் கிடைக்கும் காபி வகைகள் கஃபே பலகையில் இருப்பதைவிடக் குறைவாக இருக்காது.

காபிப்பொடிக் கடைக்குப் போனால் சங்கதி இன்னும் நுட்பமானது. “பீபரி அரைக் கிலோ, பிளான்டேஷன் ஏ அரைக் கிலோ, கொஞ்சம் கருக வறுத்து, சிக்கரி இருபது போட்டு அரைங்க” என்று ஓர் இல்லத்தரசி சொல்லும்போது, கொட்டையின் தரம், வறுப்பின் பதம், கலவையின் விகிதம் மூன்றையும் ஒரே மூச்சில் தீர்மானித்துவிடுகிறார். கலவைப் பொடியில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, சிக்கரி 49 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, விகிதத்தைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது நம் உணவுப் பாதுகாப்பு விதி. பாக்கெட்டின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த எண்ணைத் தேடிப் படித்துவிட்டு வாங்குகிற வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். இவ்வளவு விவரம் தெரிந்த ஒரு சமூகத்தை, காபி கேட்கத் தெரியாத சமூகம் என்று கேலி செய்வது கொஞ்சம் அதிகப்படி.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் நம் உறவினர்களைக் கேட்டால் அங்கே காபிக்கென்று தனி இலக்கணமே இருப்பது தெரியும். கோப்பி என்றால் கெட்டிப் பாலும் சர்க்கரையும் சேர்ந்தது. கோப்பி ஓ என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. கோப்பி சி என்றால் சுண்டவைத்த பால். ‘கொசோங்’ சேர்த்தால் சர்க்கரை கிடையாது, ‘சியூ டாய்’ சேர்த்தால் இனிப்புக் குறைவு, ‘காவ்’ என்றால் கெட்டி, ‘பெங்’ என்றால் ஐஸ். ஹொக்கியன், கன்டோனீஸ், மலாய் எல்லாம் கலந்த பேச்சு. தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் ஒரே கடையில் ஒரே பேச்சில் கேட்கிறார்கள். கடைக்கு வந்தவர்களும் காபி கலக்கியவர்களும் தினமும் பேசிப் பேசி உண்டாக்கியது அது. யாரோ ஒரு விளம்பர நிறுவனத்தின் கூட்ட அறையில் பிறந்ததில்லை. அதனால்தான் அத்தனை வகை இருந்தும் அங்கே யாரும் கல்லாவின் முன் கூனிக்குறுகி நிற்பதில்லை.

பழைய கடையில், கேட்பவர் தன் வாய்க்கு வந்த வார்த்தையில் கேட்டார். அதைப் புரிந்துகொண்டு காபியாக்குவது கடையின் பொறுப்பு. புதிய கடையில் அந்தப் பொறுப்பு கல்லாவைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டது. தனக்கு வேண்டிய காபியைக் கடைக்காரரின் பெயருக்கு மாற்றிச் சொல்லும் வேலை இப்போது காசு கொடுப்பவருடையது. குழப்பத்தின் வேர் இதுதான்.

அண்ணா நகர் கஃபே ஒன்றில் எனக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, கையில் மருந்துக் கடைப் பை. உடன் வந்த பெண் மேசை பிடிக்கப் போயிருந்தார். கல்லாவில் இருபது வயது மதிக்கத்தக்க பையன், கறுப்பு ஏப்ரன், நல்ல சிரிப்பு.

“ஒரு காபி, தம்பி.”

“ஹாட்டா, கோல்டா சார்?”

“சூடாத்தான்.”

“லாட்டேவா, கப்புச்சினோவா சார்?”

“பால் போட்ட காபிப்பா.”

“ரெண்டுமே பால் போட்டதுதான் சார். கப்புச்சினோ கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருக்கும்.”

“அப்ப அதையே குடு.”

“ரெகுலரா, லார்ஜா சார்?”

“சின்னதா இருந்தாப் போதும்.”

“ரெகுலர்தான் சார் சின்னது. மில்க் ரெகுலரா, ஓட்ஸா, ஆல்மண்டா?”

“பசும்பால் இல்லையா?”

“ரெகுலர்னா அதான் சார்.”

ரெகுலர் என்பது சற்று முன் அளவாக இருந்தது, இப்போது பாலாகிவிட்டது. பெரியவர் அதோடு விட்டுவிட்டார். வனிலா, ஹேசல்நட், கேரமல் மூன்றையும் வேண்டாம் என்று தலையசைத்தார். சாப்பிட குக்கீ, பிரவுனி? வேண்டாம். பெயர்? “காபிக்கு எதுக்குப்பா பேரு?” கூப்பிடுவதற்காம். கைப்பேசி எண்? அதையும் ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொன்னார். கடைசியில் தொகையைப் பார்த்தவர் பையனை ஒருமுறை பார்த்தார், பிறகு பணப்பையைத் திறந்தார். காபி வந்து ஒரு வாய் குடித்தபின் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “சூடே இல்லையே.”

அந்தப் பையன்மீது குறை சொல்ல எதுவும் இல்லை. மரியாதையாகத்தான் கேட்டான், தமிழில்தான் கேட்டான். கேள்விகள் அவனுடையவை அல்ல. அவன் முன்னால் இருக்கும் தொடுதிரையில் அளவைத் தொடாமல் பாலுக்குப் போக முடியாது, பாலைத் தொடாமல் பில்லுக்குப் போக முடியாது. கூடுதலாக ஏதாவது விற்றானா என்று பார்க்க மேலே ஒரு மேலாளர் இருப்பார். நாள் முழுக்க நின்றபடி அதே கேள்விகளைச் சிரித்த முகத்தோடு கேட்பது அவன் வேலை. வரிசையில் நிற்பவர் எரிச்சலைக் கொட்டுவதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவனும் அவன்தான். ஆனால் கைப்பேசி எண் விஷயத்தில் மட்டும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பில் போடுவதற்கு வாடிக்கையாளரின் எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே அறிவுறுத்திவிட்டது. “தர விருப்பமில்லை” என்று சொன்னால் யாரும் காபியை நிறுத்திவைக்க முடியாது.

பலகையைப் பார்த்து மிரளத் தேவையில்லை என்பதற்காக ஒரு சிறு விளக்கம். அதில் இருக்கும் பாதிப் பெயர்களுக்கு அடியில் இருப்பது ஒரே சரக்கு: எஸ்பிரெஸோ. அது அழுத்தத்தில் இறக்கிய டிகாஷன், அவ்வளவுதான். இத்தாலியின் துரின் நகரத்து ஏஞ்செலோ மொரியொண்டோ 1884-இல் நீராவியால் காபி இறக்கும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1901-இல் மிலானின் லுயிஜி பெட்ஸெரா அதைக் கோப்பைக்குக் கோப்பை இறக்கும் எந்திரமாக்கினார். 1940-களில் அகில்லே காஜ்ஜியா நெம்புகோல் வைத்து அழுத்தத்தைப் பல மடங்கு கூட்டிய பிறகுதான் மேலே பொன்னிற நுரை படிந்த இன்றைய எஸ்பிரெஸோ வந்தது. ஏழிலிருந்து ஒன்பது கிராம் பொடி, ஒன்பது வளிமண்டல அளவு அழுத்தம், அரை நிமிடத்துக்குள் கிட்டத்தட்ட 30 மில்லி. ஒரு ஷாட் என்பது இதுதான்.

இதில் வெந்நீர் ஊற்றினால் அமெரிக்கானோ. நம் வரக்காபிக்கு, சர்க்கரையோ கருப்பட்டியோ போடாத கடுங்காபிக்கு, ஏறக்குறைய நிகர். ஓரிரு கரண்டி பால் நுரை விட்டால் மக்கியாட்டோ. டிகாஷனுக்குச் சமமாகப் பால் என்றால் கோர்ட்டாடோ. பாலும் நுரையும் தாராளமாக என்றால் கப்புச்சினோ. பால் இன்னும் கூடி, நுரை மெலிந்தால் லாட்டே. சின்னக் கோப்பையில், மெல்லிய நுரையோடு, காபி தூக்கலாக என்றால் ஃப்ளாட் ஒயிட். இந்தக் கடைசிப் பானத்தை முதலில் கலக்கியது நாங்கள்தான் என்று ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. சாக்லேட் சேர்ந்தால் மோக்கா. மொத்தத்தில் டிகாஷன், பால், தண்ணீர், நுரை. நம் சப்ளையர் “ஸ்ட்ராங்கா, மீடியமா, லைட்டா?” என்று மூன்று சொல்லில் முடித்த விஷயம்.

ஃபில்டர் காபிக்குப் பழகிய நாக்குக்குக் கஃபேயில் ஓரளவு ஒத்துப்போவது கோர்ட்டாடோ அல்லது ஃப்ளாட் ஒயிட். பலரும் கப்புச்சினோ கேட்டுவிட்டு நுரையை மீசையாக ஒட்டிக்கொண்டு ஏமாறுகிறார்கள். எதைக் கேட்டாலும் “நல்லா சூடா” என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கஃபேயில் பாலை 60, 65 டிகிரி வரைதான் நீராவியில் சுட வைக்கிறார்கள். அதற்குமேல் போனால் மென்மையான நுரை உடையும், பாலின் இயல்பான இனிப்பும் குறையும் என்பது அவர்கள் பயிற்சியில் சொல்லித்தருவது. அவர்கள் கணக்கில் அது சரி. நம் கணக்கில் பால் என்பது பொங்கிக் கொதித்தது. தவராவிலிருந்து டம்ளருக்கும் டம்ளரிலிருந்து தவராவுக்கும் ஆற்றிக் குடிக்கிற சூடு. பெரியவர் சொன்ன “சூடே இல்லையே” முதுமையின் புலம்பல் அல்ல. இரண்டு காபி முறைகளுக்கு நடுவே உண்மையாகவே முப்பது டிகிரிக்கு மேல் இடைவெளி இருக்கிறது. அதைக் கல்லாவில் யாரும் கேட்பதில்லை. வனிலா வேண்டுமா என்று கேட்கிற திரையில் ‘எவ்வளவு சூடு’ என்ற பொத்தான் எத்தனை கடைகளில் இருக்கிறது?

அளவுகள் விஷயத்துக்கு வருவோம். அங்கேதான் குழப்பம் வியாபாரமாகிறது.

1971-இல் சியாட்டிலில் தொடங்கிய ஸ்டார்பக்ஸ் முதலில் காபிக் கொட்டை விற்ற கடை. அங்கே வேலை பார்த்த ஹோவர்ட் ஷூல்ட்ஸ் 1983-இல் மிலானுக்குப் போய், தெருவுக்குத் தெரு இருந்த எஸ்பிரெஸோ பார்களில் மயங்கி, அந்த அனுபவத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுவர நினைத்தார். வந்து சேர்ந்தவை பெரும்பாலும் இத்தாலிய ஒலி கொண்ட பெயர்கள். டால், கிராண்டே, வென்டி என்ற மூன்று அளவுகளில் ‘உயரமானது’ என்று பொருள்படும் ‘டால்’தான் மூன்றிலும் குட்டை. சின்னது, நடுத்தரம், பெரியது என்று சொன்னால் சின்னது கேட்பவர் தயங்க மாட்டார். பெயரே புரியாவிட்டால் நடுவில் இருப்பதைச் சுட்டிக்காட்டுவார். விற்பவருக்கு அது போதும்.

அமெரிக்க அளவுமுறையில் டால் என்பது சுமார் 355 மில்லி, கிராண்டே 473, வென்டி 591. சூடான லாட்டேயில் டாலுக்கு ஒரு ஷாட், கிராண்டேக்கு இரண்டு. வென்டிக்கு? அதற்கும் இரண்டுதான். அதாவது நடுத்தரத்திலிருந்து பெரியதற்குத் தாவுகிறவர் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பாலுக்குப் போகிறது, காபிக்கு அல்ல. இதைப் பலகை சொல்லாது. நம் தவரா டம்ளர் காபி 120, 150 மில்லிதான். டால் அளவே அதில் இரண்டு மடங்குக்கு மேல் என்பதையும் சொல்லாது.

வேடிக்கை என்னவென்றால், பெயர்களைக் கடன் வாங்கிய அந்த இத்தாலியில் இந்தச் சிக்கலே கிடையாது. மிலானில் ஒரு பாரின் கல்லாவில் கையூன்றி நின்று ஒரு காபி என்றால், எந்தக் கேள்வியும் இல்லாமல் எஸ்பிரெஸோ வந்து நிற்கும். இரண்டு மடக்கில் குடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். ஸ்டார்பக்ஸ் இத்தாலியில் தன் முதல் கடையைத் திறக்க 2018 வரை காத்திருந்தது. காபிக் கலாச்சாரம் ஊறிப்போன இன்னொரு நாடான ஆஸ்திரேலியாவில் அந்த நிறுவனம் 2008-இல் தன் 84 கடைகளில் 61-ஐ மூடியது. தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த ஊரில் பெயர்ப் பலகை வித்தை அவ்வளவாகப் பலிப்பதில்லை.

விலையைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. ஒரு மனக்கணக்கு. வறுத்த கொட்டை கிலோ 1,200 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். இரட்டை ஷாட்டுக்கு 18 கிராம் என்றால் சுமார் 22 ரூபாய். லிட்டர் 60 ரூபாய்ப் பாலில் 200 மில்லி, 12 ரூபாய். கோப்பை, மூடி, சர்க்கரை எல்லாம் சேர்த்தாலும் ஐம்பதைத் தாண்டாது. பில் 250, 300 என்று வருகிறது. இதைக் கொள்ளை என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் சரியாகாது. மீதிப் பணம் வாடகைக்கும் குளிர்சாதனத்துக்கும் எந்திரத்துக்கும் சம்பளத்துக்கும் போகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, யாரும் எழுந்து போகச் சொல்லாமல் நாம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குப் போகிறது. 1996-இல் பெங்களூரு பிரிகேட் சாலையில் திறந்த முதல் கஃபே காபி டே, காபியோடு இணையத்தையும் சேர்த்து விற்ற கடை. இந்தியாவில் நவீன கஃபே தொடக்கத்திலிருந்தே இடத்தை விற்கிறது, காபி அந்த இடத்துக்கான நுழைவுச்சீட்டு. அதைப் புரிந்துகொண்டால் 300 ரூபாய் அவ்வளவு உறுத்தாது. நேர்காணலுக்கு வந்தவர், வீட்டில் தனியறை இல்லாத மாணவி, ஊர்க் கண்ணுக்குத் தப்பிப் பேச நினைக்கும் இருவர் என்று அந்த நாற்காலி தேவைப்படுவோர் நிறையப் பேர். ஒரு பெண் தனியாக நெடுநேரம் உட்கார்ந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்க்காத இடங்கள் நம் ஊர்களில் எத்தனை? தெருமுனை டீக்கடை அந்தப் பட்டியலில் கிடையாது.

பழைய காபிக் கடையைப் பற்றிய ஏக்கத்துக்கும் ஒரு கடிவாளம் தேவை. ‘பிராமணாள் காபி கிளப்’ என்று பலகை மாட்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. யார் எங்கே உட்காரலாம், யாருக்கு உள்ளே இடம், யாருக்கு வெளியே என்பதைச் சாதி தீர்மானித்தது. திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்பு அப்படிப்பட்ட ‘பிராமணாள்’ பெயர்ப் பலகையை எதிர்த்துப் பெரியார் போராட்டம் நடத்தியது 1957-இல். கிராமத்து டீக்கடைகளின் இரட்டைக் குவளை அதற்குப் பிறகும் நெடுங்காலம் நீடித்தது. காபி தமிழ்நாட்டில் எப்படி அந்தஸ்தின் அடையாளமானது என்பதை ஆ.இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். ஆகவே, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து குடித்த பொற்காலம் ஒன்றை கஃபேக்காரர்கள் வந்து கெடுத்துவிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. காபிக் கடை வாசலில் எப்போதும் ஒரு தடை இருந்திருக்கிறது. இன்று கஃபே சாதி கேட்பதில்லை. அது பெரிய முன்னேற்றம். பதிலுக்கு இரண்டு சோதனை வைக்கிறது: பணம் இருக்கிறதா, இந்தப் பெயர்களைத் தடுமாறாமல் உச்சரிப்பாயா? முதல் சோதனைக்குக் காரணம் உண்டு. இரண்டாவதற்கு எந்த அவசியமும் இல்லை.

தேர்வுகள் கூடினால் மனிதர் திணறுவார் என்பதற்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு ஒன்று உண்டு. ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 2000-இல் வெளியிட்டது. கலிஃபோர்னியாவில் ஒரு மளிகைக் கடையில் 24 வகை ஜாம் வைத்தபோது ருசி பார்க்க நின்றவர்களில் 3 விழுக்காட்டினர் வாங்கினார்கள். 6 வகை வைத்தபோது 30 விழுக்காட்டினர். மேலாண்மை வகுப்புகளில் இது வேதவாக்கு. ஆனால் அதைப் போன்ற ஐம்பது சோதனைகளை ஒன்றுசேர்த்து 2010-இல் அலசியவர்கள், சராசரியாகப் பார்த்தால் அப்படி ஒரு விளைவே கிட்டத்தட்ட இல்லை என்றார்கள். தனக்கு என்ன வேண்டும் என்று முன்பே தெரிந்தவரை வகைகளின் எண்ணிக்கை பெரிதாகப் பாதிப்பதில்லை. அண்ணா நகர் பெரியவருக்குத் தனக்கு வேண்டியது துல்லியமாகத் தெரியும். சின்னக் கோப்பை, பசும்பால், நல்ல சூடு. மூன்றையும் தன் வாயாலேயே சொல்லிவிட்டார். அதைக் காதில் வாங்கி ஒரு பொத்தானை அழுத்தும் ஏற்பாடுதான் அந்தப் பக்கம் இல்லை.

பெரிய நிறுவனங்களுக்கே இது புரியத் தொடங்கியிருக்கிறது. 2012-இல் டாட்டாவோடு சேர்ந்து மும்பையில் கடை திறந்த ஸ்டார்பக்ஸ், பத்தாண்டு கழித்து 2022-இல் இந்தியாவுக்கென்று ஃபில்டர் காபியையும் மசாலா டீயையும், வழக்கமான அளவுகளைவிடச் சிறிய கோப்பை ஒன்றையும் சில நகரங்களில் அறிமுகப்படுத்திப் பார்த்தது. அந்தச் சிறிய கோப்பைக்கு வைத்த பெயர் ‘பிக்கோ’. சின்னது என்று சொல்ல மட்டும் இன்னும் மனம் வரவில்லை.

சிறிய, புதிய கஃபேக்கள் பக்கமும் ஒரு வார்த்தை. ஏற்காடு, வால்பாறை, சிக்மகளூர் என்று தோட்டத்தின் பெயரைப் போட்டு, கொட்டையை இன்ன தேதியில் வறுத்தோம் என்று எழுதி விற்கிறார்கள். நல்ல காரியம். இந்தியாவில் விளையும் காபியில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிவிடும் நிலையில், நம் மலைகளின் நல்ல கொட்டை நமக்கே கிடைப்பது மகிழ்ச்சி. ஆனால் ஏற்காட்டுக் கொட்டையை விவரிக்கும் அட்டையில் ப்ளூபெரி, டார்க் சாக்லேட், சிட்ரஸ் வாசனை என்று எழுதியிருக்கிறது. சேர்வராயன் மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவர் ப்ளூபெரியை எங்கே முகர்ந்திருப்பார்? நாவல்பழம், நாரத்தை, கருப்பட்டி என்று எழுதினால் நாக்குக்கு உடனே பிடிபடும். அந்தக் கடைகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள் காபியைப் பற்றிப் பேசச் சலிக்காதவர்கள். கேட்டால் உற்சாகமாகச் சொல்கிறார்கள். கேட்கத் துணிச்சல் வராமல் லாட்டே வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

சட்டம் போட்டுத் தீர்க்கும் விஷயமா இது? ஓரளவுக்கு முன்னுதாரணம் இருக்கிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் நடத்தும் உணவு நிறுவனங்கள் பட்டியலில் ஒவ்வொரு பண்டத்தின் கலோரி அளவையும் காட்ட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் விதித்திருக்கிறது. அதனால்தான் பெரிய கஃபே பலகைகளில் விலைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் எண் நிற்கிறது. வாசலுக்கு வெளியே, கடைகள், நிறுவனங்கள் விதிகளின்படி தமிழ்நாட்டில் பெயர்ப் பலகையில் தமிழ் முதலிடத்தில் இருந்தாக வேண்டும். ஆக, பெயர் தமிழில், கலோரி எண்ணில். நடுவே இருக்கும் பானம் என்ன என்பதை மட்டும் யாரும் சொல்ல வேண்டியதில்லை. இதற்கும் ஓர் அரசாணை வேண்டும் என்று கேட்க எனக்குத் தயக்கம். ஆணை வந்தால் ‘காய்ச்சிய பாலில் கலந்த அழுத்தக் கொட்டை வடிநீர்’ என்று யாராவது ஒரு குழு மொழிபெயர்த்துவிடும். கஃபேக்காரர்களே செய்தால் நல்லது. வியாபாரத்துக்கும் நல்லது, முழித்துவிட்டுத் திரும்பிப் போகிறவர் மறுபடி வருவதில்லை.

பெரிதாக ஒன்றும் வேண்டாம். லாட்டே, கப்புச்சினோ எல்லாம் அப்படியே இருக்கட்டும், அந்தப் பெயர்களில் கேட்கத் தெரிந்தவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். கல்லாவுக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு பலகை. பால் காபி, ஸ்ட்ராங், 150 மில்லி. பால் காபி, லைட், 250 மில்லி. நுரைக் காபி, 200 மில்லி. கடுங்காபி, 200 மில்லி. கொதிக்கக் கொதிக்க வேண்டுமானால் சொல்லவும். சர்க்கரை நாங்களே போட்டுத் தருவோம். எதிரே விலை, வரியோடு சேர்த்து. இதை அச்சடிக்கச் சிவகாசிக்குக்கூடப் போக வேண்டாம். காலையில் சொன்னால் அடுத்த தெரு ஃப்ளெக்ஸ் கடையில் மாலைக்குள் கொடுத்துவிடுவார்கள்.